இருநூறு வயது வியன்னா பியானோ: பேணுவது, சுருதி சேர்ப்பது, வாசிப்பது

1801-ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு சிறிய கையேடு வெளிவந்தது. நானெட் ஸ்ட்ரைக்கர் தன் பட்டறையில் செய்த பியானோக்களை வாங்குவோருக்காக அவருடைய கணவர் ஆந்த்ரேயாஸ் ஸ்ட்ரைக்கர் எழுதியது. வாசிப்பது, சுருதி சேர்ப்பது, பேணுவது என்று மூன்று காரியங்களை அதில் சொல்லிக்கொண்டு போகிறார். நானும் அந்த மூன்றைத்தான் சொல்லப்போகிறேன். வரிசையை மட்டும் திருப்பிக்கொள்கிறேன். ஸ்ட்ரைக்கரின் வாடிக்கையாளர் கைக்குப் போனது புத்தம்புதிய கருவி. நமக்குக் கிடைப்பதோ இருநூறு ஆண்டு காய்ந்த மரமும் தோலும். அது நிற்கும் அறை சரியாகாமல் சுருதி நிற்காது. சுருதி நிற்காமல் வாசிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நான் வியன்னாவில் ஒரு சிறிய இசைக்கூடத்தில் 1820-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட, மீட்டெடுக்கப்பட்ட ஃபோர்ட்டெபியானோ (இன்றைய பியானோவின் முன்னோடி) ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. கொன்ராட் கிராஃப் செய்த பிற்காலக் கருவிகளில் அரசவைப் பியானோ செய்பவர் என்ற பட்டமும், கார்ல் தேவாலயத்துக்கு அருகே 102-ஆம் எண் வீடு என்று பட்டறையின் முகவரியும் பெயர்ப்பலகையிலேயே இருக்கும். எங்கள் கருவியில் அதெல்லாம் கிடையாது. வால்நட் மரத்தின் மெல்லிய ஏடு ஒட்டிய பெட்டி, 73 கட்டைகள், நான்கு பெடல்கள். கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்துக்கு இரண்டு தந்தி, மேலே போகப்போக மூன்று. பெயரில்லாத கருவி என்பதால் மதிப்புக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் காலத்து வியன்னாவில் பியானோப் பட்டறைகள் ஏராளம். நல்ல கைகள் எல்லாமே பெயர் பொறித்துவிட்டுப் போகவில்லை.

இன்றைய பியானோவில் பழகியவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டிக்குள் வார்ப்பிரும்புச் சட்டம் இல்லை. இன்றைய பெரிய பியானோவின் தந்திகள் மொத்தமாகச் சுமார் இருபது டன் விசையில் இழுக்கின்றன; அதைத் தாங்குவது இரும்பு. இங்கே விசை அதில் சிறு பங்குதான். ஆனால் அதையும் மரமேதான் தாங்க வேண்டும். அறையின் ஈரப்பதம், தந்தியின் சுருதி, உங்கள் கையின் கனம் மூன்றுமே கடைசியில் அந்த மரத்தின் மேல்தான் போய் விழுகின்றன.

வாங்கும் முன், அல்லது பொறுப்பேற்கும் முன்

‘மீட்டெடுத்த கருவி’ என்று சொன்னால் போதாது. எதைப் பழையபடி விட்டார்கள், எதை மாற்றினார்கள் என்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தந்தி எந்த உலோகம், எந்தப் பருமன், சுத்தியல் தலைகளின் தோல் பழையதா புதியதா, முறுக்காணிகள் பழையனவா, ஒலிப்பலகையில் எங்கெங்கே பிளவு அடைத்தார்கள், எந்தச் சுருதிக்குத் தந்தி கட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நல்ல மீட்டெடுப்பாளர் கழற்றிய பழைய தந்தித் துண்டையும் தோல் துண்டையும்கூட உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதிக் கொடுப்பார். அறிக்கையே இல்லாத கருவியை, பார்வைக்கு எவ்வளவு பளபளத்தாலும், நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

கருவியின் வால் பக்கம் நின்று, கண்ணைப் பெட்டியின் மேல் விளிம்பு மட்டத்துக்குத் தாழ்த்தி, இரண்டு பக்க விளிம்புகளையும் ஒரே பார்வையில் பாருங்கள். அவை இணையாகத் தெரிய வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தால், தந்திகளின் இழுப்பில் பெட்டி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிறிய முறுக்கல் இந்த வயதுக் கருவியில் சகஜம். அது கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. நான் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஒரே இடத்திலிருந்து புகைப்படம் எடுத்து ஒப்பிடுகிறேன். அடுத்து, முறுக்காணிப் பலகைக்கும் ஒலிப்பலகைக்கும் நடுவே சுத்தியல்கள் மேலே வரும் இடைவெளியைப் பாருங்கள். அது இடது கோடியிலும் வலது கோடியிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். அந்த இடைவெளி சுருங்கும் கருவியில் சுத்தியல்கள் பலகையில் உரசத் தொடங்கும்.

ஒலிப்பலகையில் பிளவு அடைத்த தடம் இருந்தால் பயப்பட வேண்டாம். மொஸார்ட் 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க்கிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், அங்கே பியானோ செய்த யோஹான் ஆந்த்ரேயாஸ் ஷ்டைன் ஒலிப்பலகையை மழையிலும் வெயிலிலும் பனியிலும் போட்டு வைத்து, வெடிக்க விட்டு, வெடித்த இடத்தில் மரச்சீவல் வைத்து ஒட்டுவார், அதன் பிறகு அது அசையாது என்று வியந்து எழுதியிருக்கிறார். அந்த ஷ்டைனின் மகள்தான் நானெட் ஸ்ட்ரைக்கர். ஒட்டி அடைத்த பிளவு குறையல்ல. அடியிலுள்ள குறுக்குச் சட்டம் பலகையை விட்டுப் பிரிந்திருப்பதுதான் குறை. கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக மெதுவாக வாசித்து, எங்கே ‘ஜிர்ர்’ என்று அதிர்கிறது என்று கேளுங்கள். அந்தச் சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி, இன்னொருவரைப் பலகையின் ஓரத்தில் விரலால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். தொட்டதும் அதிர்வு நின்றால், பிரிந்த இடம் அருகில்தான் இருக்கிறது.

வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடு எலும்பா யானைத்தந்தமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தந்தம் என்றால் கருவியை எல்லை கடத்த அனுமதிப் பத்திரம் தேவைப்படும்.

அறை

வியன்னாவில் குளிர்காலம்தான் எதிரி. வெளியே உறைபனி, உள்ளே வெப்பமூட்டி, காற்று வறண்டுபோகும். மரம் இழைக்குக் குறுக்காகச் சுருங்கும், ஒலிப்பலகை தாழும், சுருதி இறங்கும், கடைசியில் பலகை வெடிக்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அந்த எல்லைக்குள் எந்த எண் என்பதைவிட அது நிலையாக நிற்பது முக்கியம். ஈரமானியைச் சுவரில் மாட்டாதீர்கள். கருவிக்கு அருகில், கட்டைகளின் உயரத்தில் வையுங்கள். சுவரில் ஓர் எண்ணும் கருவியருகே வேறோர் எண்ணும் காட்டுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

வெப்பமூட்டிக்கு அருகில் வைக்கக்கூடாது, வெளிச்சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது, வெயில் படக்கூடாது. தரைக்கடியில் வெப்பமூட்டும் வீடு என்றால் இந்தக் கருவி அங்கே வேண்டவே வேண்டாம். ஜன்னலை அகலத் திறந்து ‘காற்று வரட்டும்’ என்று விடும் பழக்கத்தை இந்த அறையில் விட்டுவிடுங்கள். கச்சேரி நாளில் மேடை விளக்குகளின் சூடும் கூட்டத்தின் மூச்சும் சேரும். விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கடைசிச் சுருதி பாருங்கள். குளிர்ந்த கூடத்தில் சேர்த்த சுருதி முதல் உருப்படியிலேயே போய்விடும்.

பெட்டியின் மினுமினுப்பு அரக்கு மெருகு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஆகவே கைகளுக்குப் பூசும் கிருமிநாசினி இந்தக் கருவிக்குப் பகை. வாசலிலேயே பூசிக்கொண்டு வந்து மூடியில் கை வைத்தால் ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிடும். எங்கள் கூடத்தில் சோப்பும் தண்ணீரும் துண்டும் வைத்திருக்கிறேன். கழுவி நன்றாகத் துடைத்த பிறகே உட்கார வேண்டும். கடையில் விற்கும் மரமெருகுத் திரவங்கள் எதுவும் வேண்டாம், அதிலும் சிலிக்கோன் கலந்தவை அறவே கூடாது. பின்னால் ஒட்ட வேண்டிய இடத்தில் பசை பிடிக்காமல் செய்துவிடும். உலர்ந்த மென்துணி போதும். தந்திகளுக்கு அடியிலுள்ள தூசிக்கு மென்மயிர்த் தூரிகை. பூஜாடியை மேலே வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையிருக்காது என்று நினைத்தேன்; தேவையிருக்கிறது.

சுருதி

‘இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற முடியுமா?’ என்பது எங்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி. முடியாது என்பதே என் பதில், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கருவி ‘ஏ’ என்ற சுரம் 430 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி தந்தி கட்டப்பட்டது. இந்தக் காலத்து வியன்னாக் கருவிகளுக்கு இன்று பரவலாக வைக்கும் சுருதி அது. 430-க்கும் 440-க்கும் உள்ள தூரம் அரைச்சுரத்தில் பாதிகூட இல்லை, சுமார் 40 சென்ட்தான் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). ஆனால் தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 440-க்கு ஏற்றினால் ஒவ்வொரு தந்தியிலும் ஏறத்தாழ 4.7 சதவீதம் கூடுதல் விசை. தந்திகள் எல்லாம் சேர்ந்து அந்தக் கூடுதலை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றும். மேல் ஸ்தாயியின் மெல்லிய இரும்புத் தந்திகள் ஏற்கெனவே அறுபடும் எல்லைக்கு அருகில் நிற்பவை; அங்கே நிற்பதால்தான் அவ்வளவு துலக்கமாகப் பேசுகின்றன. உடன் வாசிக்கும் வயலின்காரர் தன் தந்தியை இறக்கிக்கொள்ளலாம், பாடகருக்கு 430 சுகமாகவே இருக்கும். இறக்க முடியாத காற்றுக்கருவி என்றால், அந்தச் சுருதிக்குச் செய்த கருவியோடு வருபவரைத் தேடுங்கள். பியானோவைத் தொடாதீர்கள்.

இன்றைய முறுக்காணிக்கு மரை உண்டு, இதற்குக் கிடையாது. சற்றே கூம்பிய மழமழப்பான இரும்பாணி, மரத்தில் நேராக அடித்து இறக்கியது. தலை தட்டையானது. தந்தியைக் கோக்க ஆணியில் துளையும் இல்லை. தந்தியின் நுனியை அதன் மேலேயே சுற்றி அமுக்கி, உராய்வால் நிற்க வைத்திருக்கிறார்கள். இன்றைய பியானோவின் நட்சத்திரத் துளைச் சாவி இதற்குப் பொருந்தவே பொருந்தாது. இந்த ஆணித் தலைக்கு அளவெடுத்துச் செய்த ‘டி’ வடிவச் சாவி வேண்டும். சாவி தலையில் முழுதாக இறங்கி உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே திருப்புங்கள். பக்கவாட்டில் வளைக்காமல் ஆணியின் அச்சிலேயே திருப்ப வேண்டும். மணிக்கட்டு அசைந்தால் அதிகம். விரல்களின் அழுத்தம் மாறினாலே சுருதி நகரும். எந்தத் தந்தியையும் உடனே ஏற்றாதீர்கள். முதலில் மயிரிழை இறக்கி, பிறகு ஏற்றுங்கள். இறக்கும்போது ஆணி சரியான தந்திக்குரியதுதானா என்பது காதுக்குத் தெரிந்துவிடும், தவறான ஆணியைத் திருப்பித் தந்தி அறுப்பது நேராது. ஆணி நிற்காமல் வழுக்கினால் சாவியின் தலையால் ஒரு சிறு தட்டு, நேர் கீழ்நோக்கி. பழைய சாவிகள் சுத்தியல் வடிவிலேயே இருந்ததற்குக் காரணம் இதுதான். தட்டியும் நிற்கவில்லை என்றால் மீட்டெடுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

நடு ஸ்தாயியில் தொடங்குங்கள். மூன்று தந்திகளில் இரண்டைத் தோல் ஆப்பு வைத்து அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் பேச விடுங்கள். பஞ்சமங்களைப் பகிர்ந்து ஒரு ஸ்தாயியை முடித்து, அங்கிருந்து மேலும் கீழும் எட்டாம் சுரங்களாக விரியுங்கள். கூட்டுத் தந்திகளைக் கடைசியில் ஒன்றோடொன்று சேருங்கள். பெட்டி மரம் என்பதால் மேல் ஸ்தாயியை ஏற்றும்போது முன்பு முடித்த இடம் கொஞ்சம் தளரும். அதனால் முதல் சுற்றைத் தோராயமாக ஓட்டிவிட்டு இரண்டாம் சுற்றில் நுணுக்கம் பாருங்கள். கைப்பேசிச் செயலியை முதல் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். கூட்டுத் தந்திகளுக்குக் காதுதான். நாதம் சீக்கிரம் அடங்கிவிடும் கருவியில் செயலியின் முள் நிலைகொள்ளும் முன்பே ஒலி போய்விடுகிறது.

ஹைடன், மொஸார்ட் மட்டும் வாசிக்கும் நாளில், ஆறு பஞ்சமங்களைச் சுத்தமாக விட்டு மற்ற ஆறையும் சற்றே குறுக்கும் ‘வல்லோட்டி’ என்ற பழைய சுருதிப் பகிர்வை வைக்கிறேன். ஒவ்வொரு ஆதார சுரத்துக்கும் அதில் தனி முகம் கிடைக்கிறது. ஷூபர்ட் என்றால் சமப்பகிர்வு, அதாவது எல்லாப் பஞ்சமங்களையும் ஒரே அளவு குறுக்குவது. அவர் நினைத்த நேரத்தில் தொலைதூரச் சுரங்களுக்குத் தாவுகிறவர்.

தந்தி அறுந்தால் பதற வேண்டாம். முறுக்காணிப் பலகையில், ஆணிகளின் பக்கத்தில், செய்தவர் தந்தியின் பருமன் எண்ணைக் குறித்திருப்பார். பழைய மையில் மங்கலாக இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அதை மீட்டெடுப்பு அறிக்கையோடு ஒப்பிட்டு, அதே பருமனில் மென்இரும்பு, கீழ் ஸ்தாயியில் என்றால் பித்தளை, போடுங்கள். கடையில் கிடைக்கும் இன்றைய எஃகுத் தந்தி அறுபடாதுதான்; ஆனால் அந்த ஒரு சுரம் மட்டும் வேற்றூர்க்காரர் குரலில் பேசும். மாற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தியல் பொறி

இதைப் புரிந்துகொண்டால் வாசிப்பு பாதி வந்துவிடும். இங்கிலாந்துப் பியானோவிலும் இன்றைய பியானோவிலும் சுத்தியல் தனிச்சட்டத்தில் தொங்கும், கட்டை அதைத் தள்ளும். வியன்னாவில் சுத்தியல் கட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கட்டையின் பின்கோடியில் ஒரு சிறு கவை, அதில் ஊசலாடும் சுத்தியல், அதன் தலை வாசிப்பவரை நோக்கி. சுத்தியல் காம்பின் பின்முனை கவையைத் தாண்டி நீண்டு ஓர் அலகுபோல் முடிகிறது. அதற்கு நேரே ஒரு மரத்துண்டு, பள்ளம் வெட்டியது, முதுகில் மெல்லிய வில்லோடு நிற்கிறது. நீங்கள் கட்டையை அழுத்தியதும் பின்கோடி எழும். அலகு பள்ளத்தில் மாட்டும். அலகு நிற்க, கவை மேலேற, சுத்தியல் தலை மேல்நோக்கி வீசப்படும். தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன் அலகு பள்ளத்திலிருந்து நழுவிவிடும். கடைசி மயிரிழைத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடக்கும். அடித்துவிட்டுக் கீழே விழும்போது, வியன்னாவில் பியானோ செய்த அன்டோன் வால்டர் வழிக் கருவிகளில், தோல் போர்த்திய ஒரு தடுப்பு அதன் தலையைப் பிடித்துக்கொள்ளும். மீண்டும் துள்ளித் தந்தியைத் தொடாது.

விரலுக்கும் சுத்தியலுக்கும் நடுவே இவ்வளவுதான். விரலின் சிறு தயக்கம்கூடத் தந்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கட்டையை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அலகு நழுவும் இடத்தில் ஒரு சின்னத் தடங்கல் விரல்நுனியில் தெரியும். இந்தக் கருவியில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. வருபவர்கள் எல்லோரையும், ஒலியெழுப்பாமல் ஒவ்வொரு கட்டையிலும் அந்த இடத்தை முதலில் தேடச் சொல்கிறேன்.

உள்ளே பார்க்க வேண்டுமென்றால், முன்பலகையை எடுத்துவிட்டு, கட்டைகளும் சுத்தியல்களும் சேர்ந்த சட்டத்தையே இழுப்பறையைப்போல் முன்னால் இழுக்கலாம். இழுக்கும்போது ஒரு கட்டைகூட அழுந்தியிருக்கக்கூடாது. அழுந்திய கட்டையின் சுத்தியல் தலை தூக்கி நிற்கும்; இழுத்த வேகத்தில் முறுக்காணிப் பலகையில் மோதிக் காம்பு முறியும். இரண்டு கையையும் சட்டத்தின் இரு கோடிகளில் வையுங்கள், கட்டைகளின் மேல் வைக்காதீர்கள். பெடல் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. பக்கத்தில் இதே அகலத்தில் ஒரு மேசை தயாராக இருக்கட்டும்.

சுத்தியல் தலைகளில் இன்றைய கம்பளி ஃபெல்ட் இல்லை. அடுக்கடுக்காகத் தோல், மேலே மான்தோல். வாசிக்க வாசிக்கத் தந்தியின் தடம் அதில் பள்ளமாகப் பதியும், நாதம் உலோகமாக மாறும். ஃபெல்ட்டை ஊசியால் குத்தி மென்மையாக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். குத்தினால் தோல் கிழியும், அவ்வளவுதான். மேலடுக்குத் தோலை மட்டும் மாற்றலாம். அதுவும் விலங்குப் பசையால், பின்னால் ஈரமும் சூடும் கொடுத்துப் பிரிக்க முடியும்படி. அதைச் செய்ய வேண்டியவர் மீட்டெடுப்பாளர், நாம் அல்ல.

கை

இன்றைய பியானோவில் கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும். இங்கே ஏறத்தாழப் பாதி. எதிர்க்கும் எடையும் அதேபோல் குறைவு. தோளிலிருந்து கனத்தை இறக்கிப் பழகியவர்களுக்கு முதல் அரைமணி நேரம் எல்லாச் சுரமும் கூடுதலாக விழும். பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான ஹும்மெல் 1828-இல் வெளியிட்ட பியானோப் பாடநூலில் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: வியன்னாப் பியானோவை மிக மென்மையான கையும் எளிதாக வாசிக்கலாம், ஆனால் புயத்தின் முழுக் கனத்தையும் போட்டு அடிப்பதை அது ஏற்காது; ஒலியின் பலம் விரலின் துள்ளலிலிருந்து மட்டுமே வர வேண்டும். ஸ்ட்ரைக்கர் இன்னும் கடுமை. கட்டைகளை வதைக்கும் வாசிப்பாளனை, பகைவன் கையில் அகப்பட்டதும் அணுஅணுவாகக் கொல்லத் துடிக்கும் பழிவெறியனோடு ஒப்பிடுகிறார்.

ஆகவே விரல்கள் கட்டையைத் தொட்டபடியே இருக்கட்டும். மேலிருந்து விழ வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் பலத்தைக் கூட்டினால் நாதம் கூடாது, மரத்தின் ஓசையும் தந்தியின் சலசலப்பும்தான் கூடும். அந்த அளவு எங்கே என்று ஒவ்வொரு கருவியிலும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே சுரத்தை மிக மெல்லியதிலிருந்து படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், நாதம் நின்று சத்தம் தொடங்கும் படியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு படி கீழேதான் உங்கள் உச்சம். மெல்லிய பக்கத்தில் இடம் தாராளமாகக் கிடைக்கும். கனத்த கூட்டுச்சுரங்களை ஒரே அடியில் போடாமல் மிக வேகமாகக் கீழிருந்து மேலாக உடைத்து வாசிக்கும்படி ஹும்மெல் சொல்கிறார். சேர்த்து அடிப்பதைவிட அது நிறைவாகக் கேட்கிறது, நானும் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

நாதம் சீக்கிரம் அடங்குவதைக் குறையாக எண்ணி வேகத்தை ஏற்றுபவர்களும், பெடலை மிதித்தே வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். இரண்டு சுரங்களை இணைக்கும் வளைகோட்டை மொஸார்ட் போட்ட இடத்தில், முதல் சுரத்தில் சாய்ந்து இரண்டாம் சுரத்தை விட்டுவிடுங்கள். அடங்குதலை இந்தக் கருவி தானே செய்துவிடும். கீழ் ஸ்தாயியைக் கேளுங்கள். பீத்தோவன் அடியில் நெருக்கமாக அடுக்கும் கூட்டுச்சுரங்கள் இன்றைய பியானோவில் குழம்பிக் கிடக்கும். இங்கே ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும். கீழ், நடு, மேல் என்ற மூன்று பகுதிகளுக்கும் மூன்று குரல். அவற்றை ஒன்றாக்க முயலாதீர்கள்.

பெடல்கள்

பெடல்களின் வரிசை கருவிக்குக் கருவி மாறும்; மிதிக்கும் முன் உள்ளே எது அசைகிறது என்று பாருங்கள். எங்கள் கருவியில் இடமிருந்து வலமாகப் பக்கநகர்வு, பஸூன், மாடரேட்டர், டேம்பர்.

பக்கநகர்வுப் பெடல் கட்டைகளையே ஒதுக்கி, மூன்று தந்திகளுக்குப் பதில் இரண்டை, முழுதும் மிதித்தால் ஒன்றை மட்டும் அடிக்க வைக்கும். இன்றைய பியானோவால் ஒரு தந்திவரை போக முடியாது. பீத்தோவன் தன் நான்காம் பியானோ கான்செர்டோவின் நடுப்பகுதியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தந்திகளைப் பிரித்துக் கேட்பது அதனால்தான். மிதியை விடும்போது படிப்படியாக விடப் பழகுங்கள். சட்டென்று விட்டால் கட்டைகள் திரும்பும் ஓசை கேட்கும்.

மாடரேட்டர் இன்றைய பியானோவில் இல்லாத பொருள். சுத்தியலுக்கும் தந்திக்கும் நடுவே மென்துணி நாக்குகள் வரிசையாக வந்து நிற்கும். ஒலி சிறுப்பதோடு நிறமும் மாறும். ஷூபர்ட் 1823-இல் எழுதிய ஏ மைனர் சொனாட்டாவின், டி 784 என்ற எண்ணுடையதன், மெதுவான பகுதியில் மெல்லிய குறுக்கீடுகளுக்கு ‘ஸோர்தினி’ (ஒலியடக்கி) என்று குறித்திருக்கிறார். மாடரேட்டரை அங்கே போடுங்கள். மாதமொருமுறை துணி நாக்குகளை விளக்கடித்துப் பாருங்கள். ஒன்று நைந்திருந்தால் அந்தச் சுரம் மட்டும் கூட்டத்தை விட்டு வெளியே வந்து நிற்கும்.

டேம்பர் என்பது தந்தியின் அதிர்வை அடக்கும் துண்டு; டேம்பர் பெடல் அவற்றைத் தூக்கிவிடும். அதைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்பவர்களோடு நான் முழுதும் ஒத்துப்போவதில்லை. ‘நிலவொளி’ சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதையும் டேம்பர் இல்லாமல் வாசிக்கும்படி பீத்தோவன் 1801-இல் எழுதியிருக்கிறார். அடங்கும் நாதம் உள்ள கருவியில் அது சாத்தியம். ஆனால் 1820-ஐ ஒட்டிய மூன்று தந்திக் கருவி அவர் அப்போது வாசித்ததைவிடக் கனத்த நாதம் உடையது. பெடலை முழுதும் எடுக்காமல், ஸ்வரக்கூட்டு மாறும் இடத்தில் பாதி மட்டும் விட்டுப் பிடியுங்கள். மிக மெல்ல வாசித்தால் அதுவும் தேவைப்படாது.

பஸூன் பெடல் தோல்தாள் உருளையைக் கீழ்த்தந்திகளில் உரச விட்டு ‘ஙர்ர்’ என்று பேச வைப்பது. சில கருவிகளில் மத்தளமும் மணியுமாகத் துருக்கி வாத்தியப் பெடலும் இருக்கும். அதன் கோல் ஒலிப்பலகையையே அடிக்கும் என்பதால், கோலின் தலையில் தோல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மிதிக்கக்கூடாது. மொஸார்ட்டின் துருக்கி நடைக்கு அதை மிதித்தே ஆக வேண்டும் என்று வருபவர்களிடம், அவர் வைத்திருந்த வால்டர் கருவியில் அப்படியொரு பெடல் இருக்கவில்லை என்று சொல்கிறேன். இடது கையின் குறுஞ்சுரங்களே மத்தளம் அடிக்கின்றன.

எதை வாசிக்கலாம்

கட்டைகளை எண்ணுங்கள். ஐந்து ஸ்தாயிக் கருவி ஹைடனுக்கும் மொஸார்ட்டுக்கும் போதும். பீத்தோவனின் ‘வால்ட்ஸ்டைன்’ சொனாட்டா அதன் மேல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. எங்களுடையதுபோல் எஃப் முதல் எஃப் வரை ஆறு ஸ்தாயி என்றால் ‘அப்பாஸியோனாட்டா’வும் ஷூபர்ட்டில் பெரும்பகுதியும் அடங்கும். தொடங்குவதற்கு ஷூபர்ட்டின் 1827-ஆம் ஆண்டு இம்ப்ரோம்ப்டு என்ற சிறு உருப்படிகளில் ஜி ஃபிளாட் மேஜரில் உள்ளதைக் கொடுக்கிறேன்: மேலே பாட்டு, நடுவில் ஓயாத ஓட்டம், கீழே நடை என்று மூன்று குரல்களும் கருவியின் மூன்று நிறங்களில் தாமாகப் பிரிந்து நிற்கும். நடுவிரல்களை அடக்க நீங்கள் பாடுபட வேண்டியதில்லை.

பீத்தோவனின் ஓபஸ் 101 சொனாட்டா மட்டும் எங்கள் கருவியில் முடியாது. கடைசிப் பகுதியில் அவர் கேட்கும் தாழ்ந்த ‘ஈ’, எங்கள் கடைசிக் கட்டைக்கு அடுத்தபடி கீழே இருக்கிறது. அச்சுப் பிரதியில் அந்தச் சுரத்தின் பெயரையே எழுத்தில் குறிக்கும்படி செய்தவர் அவர். அதை ஒரு ஸ்தாயி தூக்கி வாசித்துச் சமாளிக்க அனுமதி கேட்பவர்களுக்கு, கீழ் சி வரை போகும் 78 கட்டைக் கருவி உள்ள இடத்துக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.